நூலில் தொடங்கும் பண்ணை

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட்டிலோ நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியிலோ, நான்கைந்து ஏக்கர் புல்நிலமும் ஒரு பழைய கொட்டகையும் வாங்கியிருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வீட்டில் ஒருவருக்காவது வெளியே சம்பள வேலை உண்டு. அல்பாகா வளர்த்து, அதன் ரோமத்தை நூலாக்கி விற்க வேண்டும் என்பது ஆசை. ஆசை நியாயமானது, நடக்கக்கூடியதும்கூட. ஆனால் பலரும் முதலில் விலங்கை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அவசரமாக வேலி போடுகிறார்கள். முதல் கத்தரிப்பு முடிந்து ரோம மூட்டைகள் அறையை அடைத்த பிறகுதான் இதை என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழானது. எந்த நூல், யார் வாங்குவார், எந்த மில் நூற்றுத் தரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விலங்கைக் கடைசியில் வாங்குங்கள்.

இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அமெரிக்க அல்பாகாவின் வரலாறு. 1984இல்தான் அல்பாகாக்கள் வணிக நோக்கில் இங்கே பெரிய அளவில் இறங்கின. 1988இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது. 1998 முடிந்ததும் இறக்குமதியாகும் விலங்குகளுக்கு அந்தப் பதிவேடு மூடப்பட்டது. உள்ளே இருப்பவை மட்டுமே பெருகலாம் என்ற நிலை வந்ததும் இனவிருத்திக்கான பெண் விலங்கின் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறியது. வாங்கியவர்கள் குட்டியை விற்றுப் பணம் பார்த்தார்கள். அந்தக் குட்டியை வாங்கியவர்களும் அதன் குட்டியை விற்றே பணம் பார்க்க வேண்டியிருந்தது. ரோமத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய டினா சைட்டோன், ரிச்சர்டு செக்ஸ்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், ரோமத்திலிருந்து வரக்கூடிய வருமானம் இந்த விலைகளை எந்த வகையிலும் தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில் விலை விழுந்தது. கடன் வாங்கி மந்தை சேர்த்த குடும்பங்கள், தீவனச் செலவு தாங்காமல் விலங்குகளைச் சும்மா கொடுத்தன. விற்க வேறெதுவும் இல்லாத பண்ணைகளே அதில் அதிகம் அடிபட்டன.

ரோமத்தின் மேல் நிற்கும் தொழிலுக்கு இதைவிடப் பழைய வரலாறு உண்டு. 1836 வாக்கில் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாகா மூட்டைகளை பிராட்ஃபோர்டு ஆலைக்காரர் டைட்டஸ் சால்ட் வாங்கினார். பருத்திப் பாவில் அல்பாகாவை ஊடையாக ஓட்டி மினுமினுப்பான துணி நெய்து செல்வந்தரானார். 1853இல் அவர் திறந்த சால்ட்டேர் ஆலை இன்றும் நிற்கிறது. அவர் வைத்திருந்தது துணி. பெருவில் இருந்தது விலங்கு. இன்றும் உலக அல்பாகாக்களில் மிகப் பெரும் பகுதி பெருவில்தான் இருக்கிறது. பூனோ, குஸ்கோ உயர்நிலங்களில் கத்தரித்த ரோமம் அரெகிபா நகரத்துக்கு வந்து, தரம் பிரிக்கும் பெண்களின் விரல்களைக் கடந்து ஏற்றுமதியாகிறது. டன் கணக்கில் நூல் ஏற்றுமதி செய்யும் அரெகிபாவோடு விலையில் போட்டி போட உங்களால் முடியாது. அதனால் யாருடைய விலங்கு, எந்த ஊர்ப் புல், யார் நூற்றது என்று வாங்குபவர் நேரில் தெரிந்துகொள்ளும் பொருளைத்தான் நீங்கள் விற்க வேண்டும்.

ஆறு விலங்குகளின் கணக்கு

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது. கீழே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் ஊர்ப் புல் வியாபாரி, கத்தரிப்பவர், மில் மூவரிடமும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

காயடித்த ஆண்கள் ஆறு என்று வைத்துக்கொள்வோம். முதுகிலும் விலாவிலும் வளர்வதுதான் முதல்தர ரோமம். அதைப் போர்வைப் பகுதி என்பார்கள். ஓரங்களை நீக்கிய பின் தலைக்கு 1.4 கிலோ என்றால் ஆறுக்கும் 8.4 கிலோ. அழுக்கும் முரட்டு ரோமமும் கழிந்து மூன்றில் இரண்டு பங்கு நூலாகத் திரும்பும்: 5.6 கிலோ, அதாவது 100 கிராம் சிட்டங்கள் 56. சிட்டம் 30 டாலருக்கு எல்லாமே விற்றால் 1,680 டாலர். மில் கூலியை நீங்கள் அனுப்பும் எடைக்குத்தான் போடுவார்கள், திரும்பி வரும் எடைக்கு அல்ல. கிலோவுக்கு 80 டாலர் என்றால் 672 போய்விடும். கத்தரிப்புக் கூலி தலைக்கு 45 என்றால் 270. மிச்சம் 738.

அடுத்து தீவனம். 65 கிலோ எடையுள்ள அல்பாகா ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.8 விழுக்காடு உலர்புல் தின்னும். ஆறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7 கிலோ. பனிக்காலமும் அதன் இருபுறமும் சேர்த்து 200 நாள் கொட்டகைத் தீவனம் போட வேண்டும். காலில் மிதித்து வீணாவதையும் சேர்த்தால் 1,600 கிலோ. கிலோ 30 சென்ட் என்றால் 480 டாலர். கையில் 258 டாலர் நிற்கிறது. தாதுக்கலவை, குடற்புழு மருந்து, தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் ஒரே ஒரு வருகை ஆகியவற்றுக்கே அது போதாது.

இதைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் பின்வாங்கட்டும். முன்னே வருபவர்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. நூலை நூலாக மட்டும் விற்றால் மந்தை தன் செலவைக்கூட முழுதாகப் பார்த்துக்கொள்ளாது, குடும்பத்துக்கு எதுவும் கொடுக்காது. குடும்பத்துக்கு வருமானம் வர வேண்டுமென்றால் கழுத்து, கால், வயிற்று ரோமம்கூட ஏதாவது பொருளாக வேண்டும். போர்வைப் பகுதியில் ஒரு பங்கு தொப்பியாகவும் சால்வையாகவும் மாற வேண்டும். பண்ணைக்கு வந்து பார்ப்பவர்கள் எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

விலங்கைத் தேர்ந்தெடுப்பது

முதல் மந்தைக்கு இனவிருத்திப் பெண்கள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல ரோமமுள்ள, நான்கைந்து வயதுக்கு உட்பட்ட, காயடித்த ஆண்களை வாங்குங்கள். சில நூறு டாலருக்குக் கிடைக்கும். சினை, பேறு, பால் என்ற கவலை இல்லை. தின்ற சத்து ரோமத்துக்குப் போகும். மூன்றுக்குக் குறைந்து வளர்க்காதீர்கள். மந்தையாக வாழ்ந்து பழகிய விலங்கு இது. தனியாக விட்டால் தீவனத்தை நிறுத்திவிட்டு நோய்ப்படும்.

ஹுவாகாயா, சூரி என்று இரண்டு வகை உண்டு. ஹுவாகாயாவின் ரோமம் நெளிவோடு பஞ்சுபோல எழுந்து நிற்கும். சூரியின் ரோமம் பட்டுப்போலச் சுருள் சுருளாகத் தொங்கும். சூரி அழகானது, நெசவுக்கு நல்லது. ஆனால் வழுக்கும் அந்த ரோமத்தை நூற்கத் தெரிந்த சிறிய மில்கள் குறைவு. பின்னல் நூல் விற்க நினைப்பவர்கள் ஹுவாகாயாவில் தொடங்கலாம்.

விற்பவர் முகத்தைத்தான் காட்டுவார். முகம் எல்லா அல்பாகாவுக்கும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் விலாவின் நடுவில் ரோமத்தைப் பிளந்து பாருங்கள். அடி முதல் நுனி வரை நெளிவு ஒரே சீராக இருக்கிறதா? நேராக நீண்டு நிற்கும் முரட்டு ரோமம் எவ்வளவு? ஒரு சிறு கற்றையை இரண்டு கையாலும் பிடித்துக் காதோரம் வைத்து வெடுக்கென்று இழுங்கள். மணிபோல ஒலித்தால் பலமான ரோமம். நொறுங்கும் சத்தம் வந்தால், அந்த ஆண்டில் விலங்கு நோயிலோ பட்டினியிலோ இருந்த நாள்களில் வளர்ந்த பகுதி மெலிந்திருக்கிறது. அது மில்லில் அறுந்து தூசியாகும்.

அதோடு கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் மைக்ரான் அறிக்கையை, அதாவது இழையின் தடிமனைக் காட்டும் அறிக்கையை, கேளுங்கள். பெருவின் தரப்பிரிப்பில் 23 மைக்ரானுக்குக் கீழே இருப்பது பேபி அல்பாகா, 26.5 வரை அடுத்த தரம், 31.5ஐத் தாண்டினால் முரடு. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கழுத்தில் குத்தும். சராசரி 24 இருந்தாலும் இழைக்கு இழை வேறுபாடு அதிகமென்றால் அந்த ரோமம் கழுத்துத் துணிக்கு ஆகாது. வயது ஏற ஏற இழை தடிக்கும். முதல் கத்தரிப்பின் அறிக்கையை நீட்டி விலை பேசுபவரிடம் நான்காம் கத்தரிப்பின் அறிக்கையைக் கேளுங்கள்.

நிறத்தை மில்லோடு சேர்த்து யோசிக்க வேண்டும். வெள்ளை முதல் கறுப்பு வரை, இடையில் பழுப்பும் சாம்பலுமாக, பெருவில் இருபத்திரண்டு இயற்கை நிறங்களைக் கணக்கிடுகிறார்கள். ஆறு விலங்கும் ஆறு நிறமானால் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் மில்லுக்கு ஆறு தனித்தனித் தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தபட்ச எடை கேட்பார்கள். இரண்டு அல்லது மூன்று நிறக் குடும்பங்களில் நின்றுகொண்டால் கலக்கவும் முடியும், அடுத்த ஆண்டும் அதே நூலைக் கேட்டு வரும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவும் முடியும்.

நிலமும் தீவனமும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஐந்தாறு விலங்கு வரை நல்ல புல்நிலம் தாங்கும். வேலி ஐந்தடி உயரம், நெருக்கமான கம்பி வலை, முள்கம்பி கூடாது. வேலி அல்பாகாவை உள்ளே வைப்பதற்கென்று நினைக்கிறார்கள். அல்பாகா வேலியைத் தாண்டுவது அபூர்வம். நாயையும் கயோட்டியையும் வெளியே நிறுத்துவதுதான் வேலியின் வேலை. கொட்டகைக்கு மூன்று சுவர் போதும். காற்று வரும் திசை மூடியிருக்க வேண்டும்.

அல்பாகாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் புழுக்கை போடும். அந்தக் குவியலை இரண்டு நாளுக்கொரு முறை அள்ளுவதே குடற்புழுவுக்கு எதிரான முதல் மருந்து. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். புழுக்கை செடியைச் சுடாது, மட்க வைக்காமலே பாத்தியில் போடலாம். வசந்தத்தில் தோட்டக்காரர்கள் விலை கொடுத்து வாங்குவார்கள்.

திமோத்தி, ஆர்ச்சர்டு புல் போன்றவற்றின் இரண்டாம் அறுப்பு உலர்புல் நல்லது. புரதம் 8 முதல் 10 விழுக்காடு இருந்தால் காயடித்த ஆண்களுக்குப் போதும். குதிரைமசாலை அள்ளிப் போட்டால் விலங்கு கொழுக்கும், இழை தடிக்கும். ஊட்டம் கூடக் கூட மைக்ரான் கூடும் என்பது மெரினோ செம்மறிக்கும் பொருந்தும் விதி. மாட்டுத் தீவனத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் கலக்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் அல்பாகாவைக் கொல்லும். தோட்டத்தில் ரோடோடெண்ட்ரான், அசேலியா செடிகள் இருந்தால் வேலிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ரோமத்துக்கு அடியில்

ஆடு வளர்த்தவர்கள் அல்பாகாவிடம் ஏமாறுவதுண்டு. ஆட்டுக்கு நோவு வந்தால் கத்தும், ஒதுங்கும். அல்பாகா கடைசி வரை மந்தையோடு நின்றுகொண்டே இருக்கும். மேலே நான்கு அங்குல ரோமம். அதற்கு அடியில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை முதுகெலும்பின் இருபக்கமும் கை வைத்துத் தடவிப் பாருங்கள். எலும்பின் இருபுறமும் சதை சற்றே புடைத்து நிரம்பியிருக்க வேண்டும். பள்ளமாக உணர்ந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அல்பாகாவைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்பதை நிலம் வாங்கும்போதே விசாரிக்க வேண்டும்.

வடகிழக்கில் மிகப் பெரிய பயம் மான்புழு. வெள்ளைவால் மானின் மூளைச் சவ்வில் அதற்குத் தொல்லை கொடுக்காமல் வாழும் புழு இது. மானின் புழுக்கையிலிருந்து நத்தைக்கும் ஓடில்லாத நத்தைக்கும் போகும்; புல்லோடு அந்த நத்தையைத் தின்ற அல்பாகாவின் முதுகுத்தண்டுக்குள் நுழைந்துவிடும். முதல் அறிகுறி பின்னங்கால் தடுமாறுவது, கவனிக்காவிட்டால் எழுந்திருக்காது. மான் நடமாடும் மாவட்டங்களில் மருத்துவர்கள் மாதந்தோறும் ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்கிறார்கள். அதே ஊசியை இடைவிடாமல் போடுவதால் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழுக்களுக்கு அந்த மருந்து கேட்காமல் போகிறது. இதனால்தான் புழுக்கைப் பரிசோதனை அவசியம். கீழ் இமையைத் திறந்து உள்நிறம் பாருங்கள். சிவப்பு வெளிறி வெள்ளையாகிக்கொண்டிருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஈரமான தாழ்நிலத்தையும் காட்டோரத்தையும் மேய்ச்சலிலிருந்து ஒதுக்கிவிடுவது ஊசியை விட நல்ல தடுப்பு.

ஆண்டிஸ் மலையின் உயரத்துக்குப் பழகிய விலங்குக்கு வடக்கின் குளிர்கால வெயில் போதாது. இளசுகளுக்கு வைட்டமின் டி குறைந்து கால் வளையும். குளிர்காலம் முழுக்க மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். வடகிழக்கு மண்ணில் செலினியம் குறைவு என்பதால் அல்பாகாவுக்கென்று தயாரித்த தாதுக்கலவையே வேண்டும். கோடையில் ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டுங்கள். 150ஐத் தாண்டும் நாளில் நிழலும் மின்விசிறியும் வேண்டும். வயிற்றுக்கும் கால் இடுக்குக்கும் தண்ணீர் அடியுங்கள். முதுகில் ஊற்றினால் நனைந்த ரோமம் வெப்பத்தை உள்ளே பூட்டிவிடும்.

கத்தரிப்பு நாள்

ஆண்டு முழுவதும் நீங்கள் வளர்த்தது ஒரே காலையில் கொட்டகைத் தரையில் விழுகிறது. அதன் விலை அடுத்த சில நிமிடங்களில் நீங்கள் செய்வதைப் பொறுத்தது. வடகிழக்கில் மே மாதம் சரியான காலம். நல்ல கத்தரிப்பவர்கள் பல மாநிலங்களைச் சுற்றுபவர்கள். பனிக்காலத்திலேயே நாள் வாங்கிவிடுங்கள்.

முந்தின இரவு விலங்குகள் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். ஈர ரோமத்தைக் கத்தரிக்கவும் முடியாது, மூட்டை கட்டவும் முடியாது. கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காலையில் காற்றூதியால் தூசியையும் வைக்கோல் துணுக்கையும் ஊதி எடுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கரிய நிறத்தில் முடியுங்கள். நான்கு கறுப்பு இழைகள் வெள்ளைப் போர்வையில் விழுந்தால் அது வெள்ளை நூலாகாது. ஒவ்வொரு விலங்குக்கும் இடையில் தரையைக் கூட்ட ஒருவர், பைகளில் பெயரெழுத ஒருவர், தலையைப் பிடித்து அமைதிப்படுத்த ஒருவர், ரோமத்தை அள்ள ஒருவர். குடும்பமும் இரண்டு அண்டை வீட்டாரும் வேண்டும்.

முன்னங்காலையும் பின்னங்காலையும் கயிற்றால் இழுத்து விலங்கை மெத்தைமேல் கிடத்துவார்கள். முதன்முதல் பார்ப்பவருக்கு மனம் கலங்கும். ஆனால் அசையாமல் கிடப்பதுதான் அதற்குக் காயம் படாமல் காக்கும். தேர்ந்தவர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். போர்வைப் பகுதி முதலில் ஒரே விரிப்பாக வரும். அதைத் தனிப்பையில் எடுத்த பிறகே கழுத்தும் கால்களும். ஒரே இடத்தில் இயந்திரத்தை இருமுறை ஓட்டினால் அரை அங்குலத் துண்டுகள் விழும். நூலில் அவைதான் முடிச்சு முடிச்சாகப் பின்னால் தெரியும். அவற்றை அள்ளாமல் விடுங்கள். அதே கிடையில் நகம் வெட்டுவது, பல் ராவுவது, தடுப்பூசி போடுவது எல்லாம் முடித்துவிடலாம். விலாவின் நடுவிலிருந்து இரண்டங்குலச் சதுர அளவுக்கு ஒரு மாதிரி எடுத்துப் பெயரெழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு யாரை வைத்துக்கொள்வது என்பதற்கு அந்த அறிக்கைதான் ஆதாரம்.

பிறகு ஓரம் நீக்கல். கம்பி வலை பதித்த மேசையில் ரோமத்தை விரித்து, முரட்டு ஓரங்களையும் புழுக்கை ஒட்டியதையும் புல்விதையையும் கையால் பிரிக்க வேண்டும். உதறினால் துண்டு ரோமம் வலை வழியே கீழே கொட்டும். ஒரு விலங்குக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். மில்காரர் உங்கள் ஓரம் நீக்கலைச் சரிசெய்ய மாட்டார். நீங்கள் அனுப்பிய குப்பைக்கும் கூலி போட்டு, குப்பையோடு நூற்றுத் தருவார். அல்பாகாவில் செம்மறியைப் போல எண்ணெய்ப் பசை இல்லாததால் வீட்டில் அலச வேண்டியதில்லை. எடை போட்டு, பெயர், ஆண்டு, பகுதி, நிறம், மைக்ரான் எழுதிய சீட்டோடு அந்துப்பூச்சி நுழையாத உலர்ந்த பையில் வையுங்கள்.

மில்லோடு பேசுவது

கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் உள்ள பெல்ஃபாஸ்ட் மினி மில்ஸ் போன்ற நிறுவனங்கள் சிறிய அளவில் நூற்கும் இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகே உங்களைப் போன்ற பண்ணைக்குத் தன் சொந்த ரோமம் சொந்த நூலாகத் திரும்பும் வாய்ப்பு வந்தது. அலசல், முரட்டு ரோமம் பிரித்தல், கார்டிங், டிராயிங், ஸ்பின்னிங், முறுக்கு எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கும். மாதக்கணக்கில் வரிசை இருக்கும். மே மாதம் அனுப்பியது டிசம்பர் விற்பனைக்கு வருமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதல் ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மில்லுக்கு அனுப்பாதீர்கள். ஒரு போர்வையை இரண்டு மில்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வரும் சிட்டங்களை அருகருகே வைத்துப் பின்னிப் பாருங்கள். சுத்த அல்பாகா நூல் கனமானது, தொங்கும், இழுத்தால் திரும்பாது. சால்வைக்கு அது குணம், கால் உறைக்கும் சட்டைக் கைப்பட்டைக்கும் அது குறை. நூற்றுக்கு 20, 30 மெரினோ கலந்தால் பின்னல் எழுந்து நிற்கும். எதற்கான நூல் என்று மில்லுக்குச் சொல்லாமல் அனுப்புபவர்களுக்கு அந்த மில்லின் வழக்கமான நூல்தான் கிடைக்கும்.

கழுத்து ரோமம் நல்ல விலங்கில் போர்வைக்கு ஈடாகவே இருக்கும்; நீளம் குறைவென்பதால் தனியாக நூற்கவோ கையால் நூற்பவர்களுக்குத் திரியாக விற்கவோ செய்யலாம். மேல்கால் ரோமத்தை நைலானோடு கலந்து காலுறையாக்கலாம். இதற்குக் குறைந்தபட்ச எடை பெரியது. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் அமைந்த நியூ இங்கிலாந்து அல்பாகா ஃபைபர் பூல் போல, பல பண்ணைகளின் ரோமத்தைச் சேர்த்துப் பொருளாக்கித் திருப்பித் தரும் அமைப்புகள் உருவானது இதற்காகத்தான். முரட்டு ரோமத்தை நடுவில் சணல் இழை வைத்துத் தடித்த கம்பள நூலாகச் சுற்றித் தருவார்கள். செருப்புக்குள் வைக்கும் ஃபெல்ட், துணி உலர்த்தியில் போடும் பந்து, குருவிக்கூட்டுக்கான ரோம உருண்டை என்று மீதியும் பொருளாகும். ஒரு கிலோவைக்கூடத் தூக்கி எறியாத பண்ணையையே நான் தொழில் என்று ஒப்புக்கொள்வேன்.

விற்பனை, சட்டம், வரி

மே முதல் வாரக்கடைசியில் மேரிலாண்டிலும், அக்டோபரில் நியூயார்க்கின் ரைன்பெக்கிலும் செம்மறி ஆடு, கம்பளித் திருவிழாக்கள் நடக்கின்றன. அங்கே கடை போடுவதற்கு முந்தின ஆண்டு வாங்குபவராகப் போய் எந்தச் சிட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள், எந்த விலையைப் பார்த்ததும் வைத்துவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். செப்டம்பர் இறுதியில் நாடெங்கும் அல்பாகா பண்ணைகள் பார்வையாளருக்குக் கதவு திறக்கின்றன. விலங்கைத் தொட்டுப் பார்த்தவர் அதன் பெயர் எழுதிய சிட்டத்தை வாங்காமல் போவது குறைவு. அன்று கடைக்கு ஒருவர், பட்டிக்கு ஒருவர், கைராட்டினத்தில் நூற்றுக் காட்ட ஒருவர் என்று குடும்பமே நிற்க வேண்டும். பண்ணைக் காப்பீட்டில் பார்வையாளருக்கான பொறுப்பும் அடங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

1939ஆம் ஆண்டின் கம்பளிப் பொருள் முத்திரைச் சட்டத்தில் அல்பாகாவும் அடங்கும். ஒவ்வொரு சிட்டத்திலும் தொப்பியிலும் எந்த இழை எத்தனை விழுக்காடு, எந்த நாட்டில் ஆனது, யார் தயாரிப்பு என்று எழுதியே ஆக வேண்டும். பெருவில் பின்னிய கையுறைகளை வாங்கிக் கடையில் வைப்பவர்கள் உண்டு. வைக்கலாம், ஆனால் உங்கள் பண்ணை நூலிலிருந்து தனி மேசையில், பெரு என்று எழுதி வையுங்கள். யாருக்கும் ஒவ்வாமை வராது என்றும் எழுதாதீர்கள்.

வரித்துறை உங்கள் பண்ணையைத் தொழிலாகப் பார்க்கிறதா, பொழுதுபோக்காகப் பார்க்கிறதா என்பதில் பெரிய பணம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் மூன்றில் லாபம் காட்டினால் தொழில் என்று எடுத்துக்கொள்வார்கள். தொடக்க ஆண்டுகளில் அது கடினம். அப்போது தனி வங்கிக் கணக்கு, விலங்குவாரியான பதிவேடு, எழுத்தில் உள்ள திட்டம், நட்டம் வந்த ஆண்டில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பு ஆகியவை பேசும். வரி விலக்குக்காகவே அல்பாகா வாங்குங்கள் என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்கள். செலவழித்த டாலரில் ஒரு பங்கு வரியாகக் குறைவதற்காக முழு டாலரையும் இழப்பதில் பயனில்லை.

குட்டிகள் எப்போது

இரண்டு மூன்று கத்தரிப்புகள் முடிந்து, நூல் அடுத்த கத்தரிப்புக்கு முன்பே விற்றுத் தீர்கிறது என்றால் இனவிருத்தியை யோசிக்கலாம். அதற்கு முன் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் பதினைந்து, இருபது ஆண்டு தீவனச் செலவு.

சினைக்காலம் பதினொன்றரை மாதம். ஒரு பேற்றில் ஒரு குட்டி. குட்டியைக் கிரியா என்பார்கள். 6 முதல் 8 கிலோ இருக்கும். பெரும்பாலும் காலை வெளிச்சத்தில் பிறக்கும். இரவில் தாய் முக்கிக்கொண்டிருந்தால் ஏதோ சிக்கல். முதல் சில மணி நேரத்தில் சீம்பால் உள்ளே போக வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு குடித்தால் நோயெதிர்ப்புச் சத்து குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது. பெண்ணுக்குக் குறிப்பிட்ட பருவம் கிடையாது, இணை சேர்ந்த பிறகே சினைமுட்டை வெளிவரும். சினைப்பட்ட பெண் மறுபடி ஆணைக் கண்டால் துப்பி விரட்டும். இந்தச் சோதனையை மட்டும் நம்பாமல் ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பு வேண்டும். தாய் இல்லாத ஆண் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து மடியில் வளர்த்தால், அது மனிதரைத் தன் இனமாக எண்ணிவிடும். வளர்ந்ததும் போட்டி ஆணைத் தாக்குவதுபோல மனிதரை நெஞ்சால் மோதித் தள்ளிக் கடிக்கும். புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொடுத்துவிட்டு உடனே மந்தையில் விட்டுவிட வேண்டும், கொஞ்சல் கூடாது. ஆண் கிரியாக்களில் மிகச் சிலதான் பொலி ஆணாக வைத்துக்கொள்ளத் தகுந்தவை. மற்றவற்றை எலும்பு முற்றிய பின், ஒன்றரை வயதுக்கு மேல், மருத்துவர் சொல்லும் காலத்தில் காயடித்து நூல் மந்தையில் சேர்த்துவிடுங்கள்.

பதிவு செய்த விலங்கு வாங்குவதானால், நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள அல்பாகா உரிமையாளர் சங்கத்தின் பதிவேட்டில் மரபணுச் சோதனையோடு தாய் தகப்பன் உறுதியாகியிருக்கும்; பெயர் மாற்றத்துக்கான படிவத்தைப் பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். புதிதாக வரும் எந்த விலங்கும், பக்கத்துப் பண்ணைக்குச் சினைக்குப் போய்த் திரும்பும் உங்கள் விலங்கும்கூட, முப்பது நாள் தனிப்பட்டியில் இருக்கட்டும். அந்த முப்பது நாளுக்குள் புழுக்கைப் பரிசோதனையும் மாட்டு வைரஸ் கழிச்சல் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் முடிந்து அறிக்கை வந்துவிடும். அதன் பிறகு கதவைத் திறந்து மந்தையோடு சேருங்கள்.